பிள்ளைக்கு அடிக்கடி தலைவலியா? வயிற்றையும் கேளுங்கள்

கண் டாக்டரிடம் காட்டியாயிற்று, பார்வையில் கோளாறு இல்லை. செல்போனைப் பிடுங்கி வைத்தும் பார்த்தாயிற்று. ஆனாலும் வாரத்தில் இரண்டு மூன்று நாள் பிள்ளை தலையைப் பிடித்துக்கொண்டு உட்காருகிறது. இந்த நிலையில் குழந்தை மருத்துவர், “தினமும் ஒழுங்கா வெளிக்குப் போறானா?” என்று கேட்டால் பல பெற்றோர் விழிக்கிறார்கள். பிள்ளை கழிப்பறைக்குள் போய்க் கதவைச் சாத்தும் வயது வந்துவிட்டால், அப்புறம் அதை யார் கவனிக்கிறார்கள்?

தலைவலியும் மலச்சிக்கலும் ஒரே குழந்தையிடம் சேர்ந்து இருப்பதை மருத்துவர்கள் அடிக்கடி பார்க்கிறார்கள். இரண்டும் இருந்த குழந்தைகளுக்கு மலச்சிக்கலைச் சரிசெய்ததும் தலைவலியும் குறைந்ததாக, தென் கொரிய மருத்துவர்கள் 2015இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். சிறிய ஆய்வுதான். இதை வைத்து, ஒன்றுதான் இன்னொன்றுக்குக் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது.

குடலில் தேங்கிய ‘விஷம்’ தலைக்கு ஏறுகிறது என்று சொல்வார்கள். அதற்கு அறிவியல் ஆதாரம் இல்லை. நரம்புச் செய்திகளைக் கடத்தும் செரோட்டோனின் என்ற வேதிப்பொருளில் சுமார் 90 சதவீதம் குடலில்தான் உற்பத்தியாகிறது என்பது உண்மை. ஆனால் அது நேரே மூளைக்குள் போய்விடுவதில்லை. குடலும் மூளையும் நரம்புகள் வழியே பேசிக்கொள்கின்றன என்ற அளவில் நிறுத்திக்கொள்வது நல்லது. இதைவிட எளிதாகப் புரிகிற காரணங்கள் உண்டு. வயிறு அடைத்துக் கிடந்தால் பசிக்காது. காலைச் சாப்பாட்டைத் தட்டிக்கழித்தால் பதினோரு மணிக்குத் தலை வலிக்கும். தண்ணீர் குறைந்தால் மலமும் இறுகும், தலையும் வலிக்கும்.

தண்ணீர் ஏன் குறைகிறது? இங்கேதான் பள்ளிக் கழிப்பறை வருகிறது. நாற்றம், தாழ்ப்பாள் இல்லாத கதவு, குழாயில் வராத தண்ணீர். காலை ஏழரைக்கு வேனில் ஏறும் பிள்ளை, வீடு திரும்பும்வரை அந்தப் பக்கமே போவதில்லை. போக வேண்டி வரக் கூடாது என்பதற்காகத் தண்ணீரும் குடிப்பதில்லை. காலையில் நிரப்பிக் கொடுத்த பாட்டில் சாயங்காலம் அப்படியே திரும்பி வருகிறதா என்று பாருங்கள்.

அடக்க அடக்க, பெருங்குடல் மலத்திலுள்ள தண்ணீரை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். ஆட்டுப் புழுக்கை மாதிரி இறுகிப்போனது வெளியே வரும்போது வலிக்கும். அந்த வலிக்குப் பயந்து பிள்ளை மறுநாளும் அடக்கும். கால்களைப் பின்னிக்கொண்டு, நுனிக்காலில் நின்று, கதவுக்குப் பின்னால் ஒளிந்து முகம் சிவக்கும் சின்னக் குழந்தை முக்குவதாக நினைப்போம்; பல நேரம் அது அடக்கிக்கொண்டிருக்கிறது. ஜட்டியில் அடிக்கடி கறை படிந்தால் பேதி என்று முடிவு கட்டிவிட வேண்டாம். இறுகிய மலத்தைச் சுற்றிக் கசிந்து வருவதாகவும் இருக்கலாம்.

தினமும் போகிறானே என்பதால் மட்டும் மலச்சிக்கல் இல்லை என்றாகிவிடாது. வாரத்துக்கு இரண்டு தடவையோ அதற்கும் குறைவாகவோ போவது, கெட்டியாக வலியோடு போவது, அடக்கி வைப்பது, கழிப்பறையே அடைத்துக்கொள்ளும் அளவுக்குப் பெரிதாகப் போவது ஆகியவற்றில் இரண்டு சேர்ந்து ஒரு மாதம் நீடித்தால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

பெரும்பாலும் தண்ணீரில் கலக்கிக் குடிக்கும் மலமிளக்கிப் பொடி தருவார்கள். குறைந்தது இரண்டு மாதமாவது கொடுக்க வேண்டியிருக்கும். ‘பழக்கமாகிவிடும்’ என்று பயந்து நாலாம் நாளே நிறுத்துவதால்தான் பலருக்குத் திரும்ப வருகிறது. சாப்பிட்டு முடித்த கையோடு ஐந்து பத்து நிமிடம் கழிப்பறையில் உட்காரவையுங்கள். குடல் அதிகம் அசைவது அப்போதுதான். வெஸ்டர்ன் டாய்லெட் என்றால் கால் தொங்காமல் ஒரு முக்காலி போடுங்கள். கீரை, பழம், பயறு தட்டில் இருக்கட்டும். சோற்றுக்குப் பதிலாகப் பாலையே ஊற்றி வளர்க்க வேண்டாம். விளக்கெண்ணெய்ப் பேதி, வெற்றிலைக் காம்பு, சோப்புத் துண்டு மூன்றையும் பாட்டியே சொன்னாலும் தவிர்த்துவிடுங்கள். இரும்புச்சத்து மாத்திரையும், ஒற்றைத் தலைவலியைத் தடுக்கத் தரும் சில மருந்துகளும் மலத்தை இறுக்கும். பிள்ளை சாப்பிடும் எல்லா மருந்தையும் டாக்டரிடம் சொல்லுங்கள்.

எல்லாத் தலைவலிக்கும் வயிறு காரணமில்லை. தூக்கத்திலிருந்து எழுப்பும் வலி, விடியற்காலை வாந்தி, பார்வை மங்கல், நடை தள்ளாட்டம், நாளுக்கு நாள் கூடும் வலி என்றால் ஒருநாளும் தள்ளிப்போடாதீர்கள். மலத்தில் ரத்தம், வயிறு உப்பிப் பச்சையாக வாந்தி, எடை குறைவது, பிறந்ததிலிருந்தே மலச்சிக்கல் ஆகியவையும் அப்படித்தான்.

பிள்ளைகளுக்குத் தண்ணீர் குடிக்க நினைவூட்டும் மணியைக் கேரளப் பள்ளிகள் 2019இல் தொடங்கின. தமிழ்நாட்டுக்கு அது 2025இல் வந்தது. நல்ல ஏற்பாடு. தலைமையாசிரியர்களே, பெற்றோர் சங்கத்தாரே, மணி அடித்துத் தண்ணீர் குடிக்கச் சொல்லும்போது, குடித்த பிள்ளை போய்வர ஒரு சுத்தமான கழிப்பறையும், அதன் கதவுக்கு ஒரு தாழ்ப்பாளும் ஏற்பாடு செய்யுங்கள்.