பண்பாட்டு அறிவியல் மாளிகை (வார்சா)

பண்பாட்டு அறிவியல் மாளிகை என்பது போலந்து நாட்டின் தலைநகரான வார்சாவின் மையத்தில் அமைந்துள்ள ஓர் உயர்மாடிக் கட்டிடம் ஆகும். இது சோவியத் ஒன்றியத்தின் அன்பளிப்பாக 1952 முதல் 1955 வரையான காலத்தில் கட்டப்பட்டது. உச்சிக் கம்பத்தையும் சேர்த்து இதன் உயரம் 237 மீட்டர். 2021 வரை போலந்தின் மிக உயரமான கட்டிடமாக இதுவே விளங்கியது. அயல் ஆதிக்கத்தின் சின்னமாகவும், நகர மக்களின் பண்பாட்டு வாழ்வுக்குரிய இடமாகவும் இது ஒருசேரக் கருதப்படுவதால், இதனை இடிப்பதா காப்பதா என்பது நீண்ட காலம் விவாதிக்கப்பட்டது.

பின்னணி

சோவியத் ஒன்றியத்தில் பண்பாட்டு மாளிகை என்பது நாடக அரங்கு, நூலகம், திரையரங்கு, இசை மற்றும் நடனப் பயிற்சிக் குழுக்கள் முதலியவற்றை ஒரே இடத்தில் கொண்ட பொது நிறுவனம் ஆகும். இவற்றுள் பலவற்றைத் தொழிற்சாலைகளும் தொழிற்சங்கங்களும் நடத்தின. தொழிலாளரின் ஓய்வு நேரத்தில் கலையையும் கல்வியையும் அளிப்பதும், அரசின் கொள்கையைப் பரப்புவதும் இவற்றின் நோக்கங்களாகும். இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் இம்முறை கிழக்கு ஐரோப்பிய நாடுகளுக்கும் பரவியது.

கட்டுமானம்

போரின்போது வார்சாவின் பெரும்பகுதி செருமானியப் படைகளால் அழிக்கப்பட்டது. மாளிகை கட்டுவதற்கான ஒப்பந்தம் 1952 ஏப்ரல் 5 அன்று கையெழுத்தானது. இதற்கு இடமளிப்பதற்காக, போரில் தப்பிய குடியிருப்புக் கட்டிடங்கள் பல இடிக்கப்பட்டன. மூவாயிரத்துக்கும் மேற்பட்ட சோவியத் தொழிலாளர்கள் போலந்துத் தொழிலாளர்களுடன் இணைந்து பணியாற்றினர். 1955 சூலை 22 அன்று மாளிகை திறக்கப்பட்டது. தொடக்கத்தில் இது ஜோசப் ஸ்டாலின் பெயரைத் தாங்கியிருந்தது. 1956 இல் அப்பெயர் கைவிடப்பட்டது. நுழைவாயில் அருகேயுள்ள சிலை ஒன்றின் கையிலுள்ள நூலில் மார்க்சு, ஏங்கல்சு, லெனின் ஆகியோருடன் பொறிக்கப்பட்டிருந்த ஸ்டாலினின் பெயரும் நீக்கப்பட்டது.

கட்டிடக்கலை

இதனை வடிவமைத்தவர் லெவ் ருத்னெவ் என்னும் சோவியத் கட்டிடக்கலைஞர். மாஸ்கோ அரசுப் பல்கலைக்கழகத்தின் உயர்ந்த கட்டிடமும் இவருடைய வடிவமைப்பே. இரண்டும் சோசலிச யதார்த்தவாதப் பாணியைச் சேர்ந்தவை. அகன்ற அடித்தளத்திலிருந்து படிப்படியாகக் குறுகி மேலெழும் நடுக் கோபுரமும், நாற்புறமும் தாழ்ந்த பக்கக் கட்டிடங்களும் இப்பாணியின் அடையாளங்கள். எனினும் ருத்னெவ் குழுவினர் போலந்தின் பழைய நகரங்களைச் சுற்றிப் பார்த்து, மறுமலர்ச்சிக் காலக் கட்டிடங்களின் கூரை விளிம்பில் காணப்படும் அலங்காரச் சுவர்களைத் தமது வடிவமைப்பில் சேர்த்துக்கொண்டனர். கோபுரம் எஃகுச் சட்டகத்தின் மீது செங்கல்லால் கட்டப்பட்டு, சுட்டமண் ஓடுகளால் போர்த்தப்பட்டது. இதில் 42 தளங்களும் 3,288 அறைகளும் உள்ளன. 30 ஆவது தளத்தில், 114 மீட்டர் உயரத்தில், பார்வையாளர் மாடம் உள்ளது. 2000 ஆம் ஆண்டின் இறுதியில் கோபுரத்தின் நான்கு பக்கங்களிலும் கடிகாரங்கள் அமைக்கப்பட்டன.

பண்பாட்டுப் பங்கு

நாடக அரங்குகள், திரையரங்கு, அருங்காட்சியகம், அறிவியல் நிறுவனங்களின் அலுவலகங்கள் ஆகியன இங்கு அமைந்துள்ளன. சிறுவர்களுக்கும் இளைஞர்களுக்குமான இளைஞர் மாளிகை என்னும் பிரிவில் நீச்சல் குளமும் பயிற்சிக் கூடங்களும் உள்ளன. ஏறத்தாழ 3,000 இருக்கைகள் கொண்ட மாநாட்டு மண்டபம் கட்சி மாநாடுகளுக்கும் இசை நிகழ்ச்சிகளுக்கும் பயன்பட்டது. 1967 இல் ரோலிங் ஸ்டோன்ஸ் என்னும் பிரித்தானிய இசைக்குழு இங்கு பாடியது. போலந்தின் ஆளுங்கட்சியாக இருந்த ஐக்கியத் தொழிலாளர் கட்சி, 1990 சனவரியில் இதே மண்டபத்தில் தனது இறுதி மாநாட்டை நடத்திக் கலைந்தது. மாளிகையின் முன்னுள்ள அணிவகுப்புச் சதுக்கத்தில் 1956 இல் கட்சித் தலைவர் கோமுல்கா பெருங்கூட்டத்தில் உரையாற்றினார். 1987 இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் அங்கேயே திருப்பலி நிறைவேற்றினார்.

இடிப்பதா, காப்பதா?

வார்சாவின் மிக அழகிய காட்சி இம்மாளிகையின் மாடத்திலிருந்தே கிடைக்கும், ஏனெனில் அங்கிருந்து மட்டுமே இம்மாளிகை கண்ணில் படாது என்பது நகர மக்களிடையே வழங்கிய ஒரு நகைச்சுவை. 1989 இல் ஆட்சிமுறை மாறிய பின்னர், அடிமைத்தனத்தின் நினைவான இக்கட்டிடத்தை அகற்ற வேண்டும் என்ற குரல்கள் எழுந்தன. கேட்காமல் வந்த அன்பளிப்பாயினும், பல தலைமுறையினர் நாடகம் பார்த்ததும் நீந்தக் கற்றதும் இங்கேதான் என்பது காக்க விரும்பியோரின் வாதம். 2007 இல் மாளிகை பாதுகாக்கப்பட்ட நினைவுச் சின்னங்களின் பதிவேட்டில் சேர்க்கப்பட்டது. அதன் பின்னரும் இடிக்க வேண்டும் என்ற கோரிக்கைகள் அவ்வப்போது எழுந்தன. எனினும் மாளிகை தொடர்ந்து பயன்பாட்டில் உள்ளது.