26 நாள் அவகாசம்

2003 ஆகஸ்ட் மாதம். விண்டோஸ் எக்ஸ்பி கணினியை இணையத்தில் இணைத்த சிறிது நேரத்திலேயே திரையில் ஒரு சின்னப் பெட்டி தோன்றும். கணினி அணையப்போகிறது என்று சொல்லி 60 விநாடிகளை எண்ணத் தொடங்கும். அணைந்து மீண்டும் உயிர்பெற்று, இணையத்தைத் தொட்டதும் மறுபடியும் அதே பெட்டி. பல நாடுகளில் வீட்டுக் கணினிகள் இப்படித்தான் தவித்தன.

அந்தக் கணினிப் புழுவின் பெயர் பிளாஸ்டர். அது மின்னஞ்சலில் வரவில்லை, எதையும் கிளிக் செய்யச் சொல்லவும் இல்லை. ஒரு கணினி இன்னொரு கணினியிடம் வேலை வாங்குவதற்கு விண்டோஸில் ஆர்பிசி என்றொரு சேவை உண்டு. வெளியிலிருந்து வரும் தகவலின் நீளத்தை அது சரிபார்க்காமல் விட்டிருந்தது. அளவுக்கு மீறிய தகவல், நினைவகத்தில் தனக்கு ஒதுக்கிய இடத்தைத் தாண்டி வழியும். வழிந்ததில் ஒளிந்திருக்கும் கட்டளையைக் கணினி தன்னுடையதாக நினைத்து நிறைவேற்றிவிடும். எக்ஸ்பிக்கும் விண்டோஸ் 2000-க்கும் நினைவக முகவரிகள் வேறு. எதிரில் இருப்பது எது என்று புழு தப்பாக ஊகித்தால் அந்தச் சேவை நொறுங்கும், விண்டோஸ் ரீஸ்டார்ட் ஆகும். திரையில் ஓடிய 60 விநாடிகளுக்கு அதுவே காரணம்.

என்னை இன்றும் உறுத்துவது வேறொன்று. போலந்து ஆய்வாளர்கள் கண்டுபிடித்துச் சொன்ன இந்த ஓட்டைக்கு மைக்ரோசாஃப்ட் ஜூலை 16-ஆம் தேதியே பேட்ச் வெளியிட்டுவிட்டது. புழு கிளம்பியது ஆகஸ்ட் 11. நடுவில் 26 நாள். பழைய கோப்பையும் திருத்திய கோப்பையும் அருகருகே வைத்துப் பார்த்தால் எங்கே மாறியிருக்கிறது என்று தெரிந்துவிடும். மாறிய இடம்தான் ஓட்டை. அப்டேட் போட்டவருக்குப் பாதுகாப்பு தருகிற அதே பேட்ச், போடாதவர் வீட்டில் எந்தக் கதவு திறந்திருக்கிறது என்று ஹேக்கருக்குக் காட்டிக்கொடுக்கிறது.

இப்படி வெளியிலிருந்து வருவதைத் தடுக்கும் ஃபயர்வாலும் எக்ஸ்பியில் இருந்தது, ஆனால் அணைத்த நிலையில்! அந்தப் பழியைக் கணினி வைத்திருந்தவர் தலையில் கட்டுவது நியாயமில்லை. 2004 ஆகஸ்டில் சர்வீஸ் பேக் 2 வந்தபிறகுதான் ஃபயர்வால் தானாகவே இயங்கத் தொடங்கியது.

14 ஆண்டுகள் கழித்தும் இதே கதை. 2017 மார்ச் 14 அன்று விண்டோஸின் வேறொரு ஓட்டைக்குப் பேட்ச் வந்தது, மே 12 அன்று அதே ஓட்டை வழியாக வான்னாக்ரை என்ற புழு வந்தது. சுமார் 150 நாடுகளில் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகளின் கோப்புகளைப் பூட்டிவிட்டு 300 டாலர் கேட்டது. பிரிட்டன் அரசு மருத்துவமனைகளில் ஆயிரக்கணக்கான நோயாளிகளின் சிகிச்சை தள்ளிப்போனது. பாதிக்கப்பட்டவற்றில் பெரும்பாலானவை, பேட்ச் கிடைத்தும் போடப்படாத விண்டோஸ் 7 கணினிகள்.

இப்போது விண்டோஸ் 10-ன் முறை. அதற்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. தனியாகப் பதிவு செய்துகொண்டவர்களுக்குத்தான் நீட்டிப்பு. விண்டோஸ் 11-க்கு வரும் ஒவ்வொரு பேட்ச்சும், இரண்டுக்கும் பொதுவான பகுதிகளில் பழையதன் ஓட்டைகளையும் சேர்த்தே வெளிச்சம் போடும். உங்கள் கணினியில் எந்தப் பதிப்பு ஓடுகிறது என்று இன்றே பாருங்கள். அசெம்பிள் செய்து கொடுத்தவர் அப்டேட்டை நிறுத்திவைத்திருந்தால் திரும்ப இயக்குங்கள். குழந்தைகளின் படங்களையும் பத்திரங்களின் ஸ்கேனையும் தனி ஹார்ட் டிஸ்க்கில் பிரதி எடுத்ததும், அதைக் கழற்றி பீரோவில் வைத்துவிடுங்கள். செருகியே இருந்தால் வான்னாக்ரை போன்றவை அதையும் சேர்த்துப் பூட்டிவிடும்.