கேம் மாற்றும் முன் ஆர்பிஎம்மைக் கவனியுங்கள்

ராயல் என்ஃபீல்டின் இன்டர்செப்டர் 650, கான்டினென்டல் ஜிடி 650 ஆகிய இரு பைக்குகளும் 2018 நவம்பரில் இந்தியச் சந்தைக்கு வந்தன. சென்னைக்கு அருகில் தயாராகும் இவற்றின் 648 சிசி இரட்டைச் சிலிண்டர் இன்ஜினுக்கு வெளிச்சந்தையில் உதிரிபாகங்கள் நிறைய உண்டு: சைலன்சர், ஏர் ஃபில்டர், பெரிய பிஸ்டன், இன்ஜினின் கணினியான ஈசியூவின் கணக்கை மாற்றும் டியூனிங் கருவி, வேகத்துக்கென்று செதுக்கிய கேம் ஷாஃப்ட். இவற்றில் அதிகம் ஆசை காட்டுவது கேம். பொருந்தாத ஒன்றைத் தேர்ந்தால் அதிகம் ஏமாற்றுவதும் அதுதான். "எத்தனை குதிரைத்திறன் கூடும்?" என்று மட்டுமே கேட்டு வாங்குவதால்தான் இந்த ஏமாற்றம் வருகிறது. முதலில் கேட்க வேண்டியது, "என் வண்டி எந்த ஆர்பிஎம்மில் அதிக நேரம் ஓடுகிறது?" என்பது. கேம் ஒரு இன்ஜினின் இழுவையை (டார்க்) ஒரு வேகத்திலிருந்து இன்னொரு வேகத்துக்கு நகர்த்துகிறது. மேலே கூடுவதற்கு விலையாகக் கீழே ஏதோ ஒன்று பெரும்பாலும் குறையத்தான் செய்யும்.

இது ஏன் என்று புரிய, வால்வு மூடும் நேரத்தைப் பார்த்தாலே போதும். கிராங்க் இரண்டு சுற்றுச் சுற்றும்போது கேம் ஒரு சுற்றுச் சுற்றுகிறது. அதிலுள்ள முட்டை வடிவ மேடுதான் வால்வை எவ்வளவு உயரம், எவ்வளவு நேரம் திறந்து வைப்பது என்று முடிவு செய்கிறது. பிஸ்டன் அடிமட்டத்தைத் தொட்டு மேலே திரும்பிய பிறகும் இன்டேக் வால்வு சிறிது நேரம் திறந்தே இருக்கும். இன்ஜின் வேகமாகச் சுற்றும்போது உள்ளே பாயும் காற்றுக்கு உந்தம் இருக்கிறது. பிஸ்டன் எதிரே ஏறி வந்தாலும் காற்று தொடர்ந்து நுழைகிறது, சிலிண்டர் நன்றாக நிரம்புகிறது. மெதுவாகச் சுற்றும்போது அந்த உந்தம் கிடையாது. ஏறும் பிஸ்டன், உள்ளே வந்த காற்றில் ஒரு பங்கை வந்த வழியே திருப்பித் தள்ளிவிடுகிறது. ஆக, தாமதமாக மூடும் வால்வு 7,000 ஆர்பிஎம்மில் லாபம், 2,500-இல் நஷ்டம். மூடும் கணம் மாறாத சாதாரண கேமில் இரண்டையும் ஒருசேரப் பெற முடியாது.

இந்த இன்ஜினின் சொந்த எண்களே இதற்குச் சாட்சி. நிறுவனம் அறிவித்தபடி 5,250 ஆர்பிஎம்மில் 52 நியூட்டன் மீட்டர் இழுவை, 7,150-இல் 47 குதிரைத்திறன். சக்தி என்பது இழுவையும் சுழற்சி வேகமும் பெருக்கி வருவது. அதைத் திருப்பிக் கணக்கிட்டால், 7,150-இல் இழுவை சுமார் 47 நியூட்டன் மீட்டராக இறங்கியிருப்பது தெரியும். வேகமான ஒரு கேம், வேறு எதையும் செய்யாமல், அந்த 52-ஐ 7,150 வரை தாங்கிப் பிடித்தால் போதும். குதிரைத்திறன் 52-ஐத் தொட்டுவிடும். விளம்பரத்தில் அச்சிட ஏற்ற கணக்கு அது. ஆனால் உச்ச இழுவையில் 80 சதவீதம், அதாவது ஏறக்குறைய 42 நியூட்டன் மீட்டர், 2,500 ஆர்பிஎம்மிலேயே கிடைக்கிறது என்பதும் நிறுவனத்தின் அறிவிப்புதான். ஆறாவது கியரில் மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது ஆர்பிஎம் 4,000-ஐ ஒட்டியே இருக்கும். ஊருக்குள் நெரிசலில் அதற்கும் கீழே. அன்றாட ஓட்டத்தில் வண்டி 7,000-ஐப் பார்ப்பது ஓவர்டேக் செய்யும் சில விநாடிகள்தான். அந்தச் சில விநாடிகளுக்காக மீதி நேரத்தின் பிக்கப்பைக் கொடுக்கலாமா என்பதே கேம் தேர்வின் மையக் கேள்வி.

"புகைக் கட்டுப்பாட்டுக்காக நிறுவனம் இன்ஜினின் கழுத்தைப் பிடித்து வைத்திருக்கிறது, கேம் மாற்றினால் விடுதலை" என்பார்கள். இதில் பாதி உண்மை இருக்கிறது. சைலன்சரும், எரிபொருளைச் சிக்கனமாக விடும் ஈசியூ கணக்கும் விதிகளுக்கு ஏற்ப அமைந்தவையே. புகையைக் குறைக்கவும் கேம் கொஞ்சம் அடக்கமாக வடிவமைக்கப்படுகிறது. ஆனால் அந்த அடக்கம் வெறும் தடை மட்டும் இல்லை. மெதுவான வேகத்தில் திணறாத ஓட்டமும், நிலையான ஐட்லிங்கும், குறைந்த பெட்ரோல் செலவும் அதே அடக்கத்தின் பலன்கள். இன்டேக், எக்ஸாஸ்ட் வால்வுகள் இரண்டும் ஒரே நேரத்தில் திறந்திருக்கும் இடைவெளியை நீட்டினால் உயர்வேகத்தில் பழைய புகை நன்றாக வெளியேறும். ஐட்லிங்கிலோ புகை இன்டேக் பக்கம் திரும்பும், எரியாத பெட்ரோல் சைலன்சருக்குள் போகும், இன்ஜின் தடுமாறும். அந்தத் தடுமாறும் ஓசையை ரசிப்பவர்கள் உண்டு. ரசிக்கட்டும், அது ஒரு விலையின் ஓசை என்று தெரிந்து ரசிக்கட்டும்.

அடுத்தது கம்ப்ரஷன். இந்த இன்ஜினின் அழுத்த விகிதம் 9.5:1. வால்வு தாமதமாக மூடினால் பிஸ்டன் உண்மையில் அழுத்தத் தொடங்குவதே தாமதமாகிறது. காகிதத்தில் விகிதம் மாறாவிட்டாலும் குறைந்த ஆர்பிஎம்மில் உள்ளே அழுத்தம் குறைகிறது. இதை ஈடுகட்ட உயர் கம்ப்ரஷன் பிஸ்டன் போடுவது பந்தயக்காரர்களின் வழி. ஆனால் இது காற்றாலும் ஆயிலாலும் குளிரும் இன்ஜின். மே மாத வெயிலில், சிக்னலில் நின்று, சாதாரண பெட்ரோலில் ஓடும் இன்ஜினுக்கு அழுத்தத்தைக் கூட்டினால் நாக்கிங் அபாயமும் கூடுகிறது. வால்வு அதிக உயரம் திறந்தால் ஸ்பிரிங்குக்கு அந்த உயரத்தைத் தாங்கும் இடமும் வலிமையும் வேண்டும். வால்வுக்கும் பிஸ்டனுக்கும் நடுவே போதிய இடைவெளி இருக்கிறதா என்று அளக்க வேண்டும். அளக்காமல் மாட்டினால் வால்வு வளைந்து, பிஸ்டன் உடையும் அளவுக்குப் போகலாம். எனவே கேமின் விலை என்பது கேமின் விலை மட்டும் ஆகாது. ஸ்பிரிங், கேஸ்கெட், பட்டறைக் கூலி, டியூனிங் எல்லாம் சேர்ந்ததே அதன் விலை.

"கீழே விட்டதை டியூனிங்கில் பிடித்துவிடலாம்" என்பது இன்னொரு நம்பிக்கை. ஈசியூ தீர்மானிப்பது எவ்வளவு பெட்ரோல், எப்போது பொறி என்ற இரண்டைத்தான். இன்டேக் வழியே திரும்பிப்போன காற்றை எந்த மென்பொருளும் மீட்டு வராது. இருந்தாலும் புதிய கேமுக்கு டியூனிங் கட்டாயம் வேண்டும்; பழைய கேமுக்கு எழுதிய கணக்கு புதிய காற்றோட்டத்துக்குப் பொருந்தாது. இதில் ஒரு கண்ணி ஒளிந்திருக்கிறது. சைலன்சர் பக்கமுள்ள லாம்டா சென்சார் ஆக்சிஜனை மட்டுமே பார்க்கும். ஐட்லிங்கில் எரியாமல் நழுவிய காற்று அங்கே வந்தால், பெட்ரோல் குறைகிறது என்று ஈசியூ தவறாக எண்ணி மேலும் பெட்ரோல் விடும், இன்ஜின் கரியடிக்கும். இன்னொன்று எத்தனால். சுத்தமான பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று சரியான கலவை என்றால், 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலுக்கு அது ஏறக்குறைய 13.5. எத்தனால் குறைந்த வெளிநாட்டுப் பெட்ரோலுக்கு எழுதிய ஈசியூ கணக்கை, அதாவது மேப்பை, அப்படியே ஏற்றினால் நம் ஊர் பங்க்கில் நிரப்பும் எரிபொருளுக்கு அது குறைவாகவே ஊட்டும். ஆகவே பதிவிறக்கம் செய்த மேப் ஒரு தொடக்கம்தான். உங்கள் வண்டியை டைனோவில் (சக்தியை அளக்கும் கருவியில்) ஏற்றி, உங்கள் எரிபொருளில் திருத்தியதே முடிவு.

"பந்தயத்தில் எல்லாரும் கேம் மாற்றித்தானே ஜெயிக்கிறார்கள்?" என்று கேட்கலாம். 2018-இல் அமெரிக்காவின் பான்வில் உப்புச் சமவெளியில், எஸ் அண்ட் எஸ் நிறுவனம் மாற்றியமைத்த ஒரு கான்டினென்டல் ஜிடி மணிக்கு 150 மைல் வேகத்தைத் தாண்டியது. அங்கே த்ராட்டில் முழுதும் திறந்தபடி, இன்ஜின் உச்சத்திலேயே மைல் கணக்கில் ஓடும். கோவை கரி ஸ்பீட்வே போன்ற பந்தயத் தளத்திலும் கியரை மாற்றி மாற்றி ஆர்பிஎம்மை மேலேயே வைத்திருப்பார்கள். கீழே இழந்ததை அவர்கள் உணர வாய்ப்பே இல்லை. பந்தயக்காரரின் தேர்வு அவருக்குச் சரி. அவர் ஓட்டும் விதம் நம்முடையதாக இல்லாதவரை அது நமக்குச் சான்றாகாது.

சட்டத்தையும் ஒதுக்க முடியாது. ஆர்.சி.யில் உள்ள விவரங்கள் உற்பத்தியாளர் குறித்தவற்றிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு. பெரிய பிஸ்டன் போட்டு சிசியைக் கூட்டுவது நேராக இதில் சிக்கும். அனுமதியற்ற மாற்றத்துக்கு, மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்க 2019 திருத்தம் வழி செய்திருக்கிறது. டியூனிங் கருவியும் புகை விதிக்கு அப்பாற்பட்டது கிடையாது. புகை அளவைக் கூட்டும் டியூனர்களை விற்ற வழக்கில் 2016-இல் ஹார்லி டேவிட்சன் அமெரிக்க அரசுக்கு 1.2 கோடி டாலர் அபராதம் செலுத்த ஒப்புக்கொண்டது.

இத்தனையையும் கடந்து கேம் மாற்றியே தீர வேண்டும் என்றால், வரிசை தவறாமல் செய்யுங்கள். முதலில் மாற்றம் எதுவுமில்லாத வண்டியை டைனோவில் ஏற்றி வரைபடம் வாங்குங்கள். மாற்றிய பின் அதே டைனோவில் அளந்து ஒப்பிடுங்கள். உச்சப் புள்ளியை விட்டுவிட்டு, 2,500 முதல் 5,500 வரை கோடு ஏறியதா இறங்கியதா என்று பாருங்கள். இரண்டு நிறுவனங்களின் கேம்களை ஒப்பிடும்போது, வால்வு திறந்திருக்கும் நேரத்தை, அது எவ்வளவு திறந்த பிறகு இருவரும் அளக்கத் தொடங்கினார்கள் என்று கேளுங்கள். அளவுகோல் வேறானால் எண்களுக்குப் பொருளில்லை. இரண்டு கேமுக்கு நடுவே தயங்கினால் சிறியதையே எடுங்கள். எல்லாவற்றுக்கும் முன்பாக, ஒரு வாரம் வழக்கம்போல ஓட்டி, டாக்கோமீட்டர் முள் எங்கே அதிக நேரம் நிற்கிறது என்று குறித்து வையுங்கள். அது 5,000-க்குக் கீழே நின்றால், உங்களுக்குப் பொருத்தமான கேம் ஏற்கெனவே உங்கள் இன்ஜினுக்குள் இருக்கிறது.