புது நோட்டு வாங்குமுன் பழைய நோட்டைப் பாருங்கள்!

ஜூன் மாதம் வந்துவிட்டால் தியாகராய நகர் கடைத் தெருவில் ஒரே கூட்டம். மயிலாப்பூர் மாட வீதிகளிலும், அடையாற்றிலும் அப்படியே. ஒரு கையில் குழந்தை. மறு கையில் பள்ளிக்கூடம் கொடுத்த சாமான் பட்டியல். நோட்டு, உறை, பேனா, பைல் என்று பணம் கரைகிறது.

வீட்டு அலமாரியிலோ போன வருஷத்து நோட்டுகள் கிடக்கின்றன. எதிலும் கடைசிப் பக்கங்கள் வெள்ளையாகவே இருக்கும்.

கணக்குப் பாருங்கள். வீட்டில் இரண்டு பிள்ளைகள். ஆளுக்கு 6 நோட்டு. ஒவ்வொன்றிலும் 20 பக்கம் மீந்தால் மொத்தம் 240 பக்கம்! 192 பக்க நோட்டு ஒன்றுக்கும் மேலேயே கிடைக்கிறது.

வீட்டிலேயே தைக்கலாம்

முதலில் பிள்ளையைக் கேளுங்கள். இனிமேல் தேவைப்படாத நோட்டிலிருந்து மட்டும் தாளை எடுக்க வேண்டும்.

வெள்ளைத் தாளைப் பிய்த்து இழுக்கக் கூடாது. இழுத்தால் அதன் மறுபாதியான, எழுதிய தாளும் கழன்று வரும். தையலை ஒட்டிக் கத்தரியால் வெட்டுவதே சரி.

தாள்களை ஒரே அளவாக அடுக்குங்கள். இடது ஓரத்தில் ஒரு விரல் அகலம் விட்டு, கோணூசியால் மூன்று துளை போடுங்கள். தடித்த நூலைக் கோத்து இறுக்கி முடியுங்கள். கணக்குப் போட்டுப் பார்க்க நோட்டு தயார்!

அட்டைக்கும் காசு வேண்டாம். தினசரி காலண்டரில் தாள் எல்லாம் கிழித்தபின் கெட்டி அட்டை மிஞ்சுகிறதே, அது போதும். பெயர் எழுதி ஒட்டப் பழைய கல்யாணப் பத்திரிகை இருக்கிறது. ஒட்டுவதற்கு மைதாப் பசை இருக்கிறது.

சுமையும் குறையும்

பள்ளிப் பையின் எடை பிள்ளையின் எடையில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்பது மத்திய அரசின் 2020-ஆம் ஆண்டுக் கொள்கை. 20 கிலோ எடையுள்ள பிள்ளைக்குப் பை 2 கிலோதான்.

தமிழ்நாட்டில் 2012-இல் முப்பருவ முறை வந்தது. தடிப் புத்தகத்தை மூன்றாகப் பிரித்ததால் சுமை குறைந்தது. பாடக் குறிப்புக்கும் இதே வழிதான். இந்தப் பருவத்துக் குறிப்பு பையில் இருக்கட்டும். முடிந்த பருவத்துக் குறிப்பு வீட்டில் இருக்கட்டும்.

பாடத்துக்கு ஓர் அட்டை. அதில் இரண்டு துளை. ஆபீஸ் கோப்பு கட்டும் நூல் டேக் ஒன்று. பிளாஸ்டிக் பைல் செய்யும் வேலையை இது செய்துவிடும்.

எங்கே போகிறது குப்பை?

எழுதி முடித்த தாளைப் பழைய பேப்பர்க் கடைக்காரர் எடை போட்டு வாங்கிக்கொள்வார். அது மறுபடியும் காகிதமாகும். ஆனால் பிளாஸ்டிக் உறையும், பளபளக்கும் ஜிகினா உறையும் காகிதமாக மாறா. அவை குப்பைக்குத்தான் போகும். பழுப்புத் தாளோ, பழைய மாதக் காலண்டர் தாளோ போட்டால் அந்தத் தொல்லை இல்லை.

தென் சென்னைக் குப்பை பல்லாண்டுகளாகப் பெருங்குடியில் மலையாகக் குவிந்தது. அந்த இடம் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஒட்டியது. 2022-இல் ராம்சார் பட்டியலில் ஏறி உலகப் புகழ் பெற்ற சதுப்பு நிலம் அது! எத்தனையோ பறவைகள் வந்து தங்கும் இடம். அதன் ஓரத்தில் நம் வீட்டு நோட்டு உறையும் கிடக்க வேண்டுமா?

வாங்கித்தான் ஆக வேண்டுமா?

சில பள்ளிகள் இன்ன நோட்டுத்தான் வேண்டும் என்கின்றன. ஆசிரியரைக் கேட்டுத் தேவையானதை மட்டும் வாங்குங்கள். போகும்போது மஞ்சப்பையை மறக்காதீர்கள். பேனா வாங்கினால் ரீபில் மாற்றக் கூடியதாக, அல்லது மை ஊற்றக் கூடியதாக வாங்குங்கள்.

எல்லாக் காகிதத்துக்கும் மரமே வேண்டும் என்பதில்லை. கரூர் மாவட்டம் காகிதபுரத்தில் தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனத்தின் ஆலை 1984-இல் ஓடத் தொடங்கியது. சர்க்கரை ஆலையில் சாறு பிழிந்தபின் மிஞ்சும் கரும்புச் சக்கையே அதன் முக்கிய மூலப்பொருள். சக்கையே காகிதமாகும்போது, வெள்ளைத் தாள் குப்பையாகலாமா?

ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். வீட்டில் பிளாஸ்டிக் பைல் இருந்தால் தூக்கி எறியாதீர்கள். கிழியும் வரை உபயோகியுங்கள். "பசுமைப் பொருள்" என்று விளம்பரம் செய்கிறார்களே என்று புதிதாக ஒன்றை வாங்குவதைவிட, இருப்பதைக் கடைசிவரை உபயோகிப்பதே மேல்.

அடுத்த ஜூனில் கடைக்குக் கிளம்புமுன் அலமாரியைத் திறந்து பாருங்கள். முதல் நோட்டு அங்கேதான் இருக்கிறது!