நான்கு விநாடியைப் பதினாறாக்கும் வித்தை

ஐதராபாத்தில் உள்ள ஏ.எஸ்.ராவ் நகருக்குப் பெயர் தந்தவர் விஞ்ஞானி அய்யகாரி சாம்பசிவ ராவ். 1967-ல் தொடங்கிய ஈ.சி.ஐ.எல். நிறுவனத்தை உருவாக்கியவர் அவர். அந்நிறுவனத்தின் ‘ஈ.சி.’ டெலிவிஷன் பெட்டிகள் ஒரு காலத்தில் நாடெங்கும் பெயர் பெற்றிருந்தன. அந்தப் பெட்டிகளில் விநாடிக்கு 25 படங்கள் ஓடின. அக்காலக் கல்யாண வீடியோக் காசெட்டுகளிலும் அதே 25 தான்.

பிழைப்புக்காக ஊர் விட்டு வந்த குடும்பங்களில் இந்தக் காசெட்டுகளுக்குத் தனி மதிப்பு உண்டு. காலமான தகப்பனார் மகள் தலையில் அட்சதை போடும் காட்சி நான்கே விநாடியில் முடிந்துவிடும். அவர் நடமாடிய படம் வேறு இருக்காது. ‘இதையே மெதுவாக ஓட வைக்க முடியுமா?’ என்று கேட்கத் தோன்றுவது இயல்புதானே! முடியும். ஆனால் அதில் எது உண்மை, எது கற்பனை என்று தெரிந்துகொள்வது நல்லது.

300 படங்களுக்கு எங்கே போவது?

சினிமாவில் மெதுவாக ஓடும் காட்சி வேண்டுமென்றால் காமிராவை வேகமாக ஓட்டிப் படம் பிடிப்பார்கள். 1904-ல் ஆஸ்திரிய நாட்டுப் பாதிரியார் ஆகஸ்ட் முஸ்கர் இதற்கான கருவிக்குக் காப்புரிமை பெற்றார். விநாடிக்கு 100 படம் எடுத்து, 25 வீதம் ஓட்டினால் அசைவு நாலில் ஒரு பங்கு வேகத்தில் தெரியும். எல்லாப் படமும் நிஜம்.

பழைய காசெட்டில் அந்த வசதி இல்லை. நான்கு விநாடிக்கு இருப்பது 100 படம். அதைப் பதினாறு விநாடி ஓட்ட 400 படம் வேண்டும். மீதி 300-ஐ உண்டாக்கியாக வேண்டும்.

ஒவ்வொரு படத்தையும் நான்கு முறை காட்டுவது முதல் வழி. காட்சி விட்டு விட்டு நொண்டும். அடுத்தடுத்த இரண்டு படங்களைக் கலந்து நடுவில் வைப்பது இரண்டாவது வழி. கைக்கு நிழல் கை முளைத்தது போல் மங்கலாகத் தெரியும். மூன்றாவது வழிக்கு ‘ஆப்டிகல் ஃப்ளோ’ என்று பெயர். 1981-ல் ஹார்ன், ஷங்க் என்ற இரு விஞ்ஞானிகள் இதற்கான கணக்கை வெளியிட்டனர்.

ரயில் உதாரணம்

பிளாட்பாரத்தில் நுழையும் ரயிலை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு படத்தில் இன்ஜின் கம்பத்தருகே நிற்கிறது. அடுத்த படத்தில் நான்கு அடி தள்ளி இருக்கிறது. கம்ப்யூட்டர் ஒவ்வொரு புள்ளியும் எங்கிருந்து எங்கே போனது என்று கணக்கிட்டு, ஓரடி, இரண்டடி, மூன்றடி தள்ளிய மூன்று புதிய படங்களை வரைந்துவிடுகிறது. காட்சி வழுக்கிக்கொண்டு ஓடுகிறது.

‘டாவின்சி ரிசால்வ்’ என்ற எடிட்டிங் மென்பொருளின் இலவசப் பதிப்பிலேயே இந்த வசதி உண்டு. ‘பிரீமியர் புரோ’வில் மேற்கண்ட மூன்று வழிகளும் உள்ளன. 1999-ல் வந்த ‘தி மேட்ரிக்ஸ்’ படத்தில் துப்பாக்கிக் குண்டுகள் மிதந்து வரும் காட்சிக்கும் இத்தகைய இடைப்படங்கள் உதவின.

அட்சதை தரும் தொல்லை

ரயில் கம்பத்துக்குப் பின்னால் மறைந்தால் கம்ப்யூட்டர் திணறும். மறைந்த பகுதி எப்படி இருக்கும் என்று அதற்குத் தெரியாது, ஊகிக்கிறது. கம்பத்தின் ஓரம் மெழுகு போல் வளையும். பறக்கும் அட்சதை இன்னும் கஷ்டம். எல்லா மணியும் ஒரே மாதிரி இருப்பதால் எந்த மணி எங்கே போனது என்று பிரிக்க இயலாது. தண்ணீர், தீ, சுழலும் சக்கரம் எல்லாம் இதே கதைதான். அந்த இடங்களில் பாதி வேகத்தோடு நிறுத்திக்கொள்வது உத்தமம்.

முதலில் செய்ய வேண்டியது

பழைய காசெட்டில் ஒரு புதையல் இருக்கிறது. அதன் ஒவ்வொரு படமும் இரண்டு அரைப்படங்களால் ஆனது. இரண்டும் விநாடியில் 50-ல் ஒரு பங்கு இடைவெளியில் பதிவானவை. இவற்றைத் தனித்தனியே பிரித்து எடுத்தால் நான்கு விநாடியில் 200 நிஜக் கணங்கள் கிடைக்கும். கற்பனையாக வரைய வேண்டியது 300-லிருந்து 200 ஆகக் குறையும். வேலைக்குக் கொடுக்கும்போது ‘டீஇன்டர்லேஸ் செய்து, 50 ஆகப் பிரித்துக் கொடுங்கள்’ என்று கேட்டு வாங்க வேண்டும்.

இனி எடுக்கும் விசேஷங்களுக்கு இந்தப் பாடே வேண்டாம். பல செல்போன்களில் விநாடிக்கு 120 படம் எடுக்கலாம். வெளிச்சம் மட்டும் நிறைய வேண்டும். நம் மின்சாரத்தில் பழைய டியூப்லைட் விநாடிக்கு 100 முறை துடிப்பதால், அதன் அடியில் எடுத்தால் படம் மினுக்கும். பகல் வெளிச்சம் சிறந்தது.

சாட்சிக்கு ஆகாது

1992 நவம்பரில் டர்பன் டெஸ்டில் சச்சின் டெண்டுல்கர் ரன் அவுட் என்று மூன்றாவது அம்பயர் டெலிவிஷன் படத்தைப் பார்த்துத் தீர்ப்பளித்தார். அந்த முறையில் அவுட்டான முதல் ஆட்டக்காரர் அவர்தான். அங்கே ஒவ்வொரு படமும் நடந்ததைக் காட்ட வேண்டும். கம்ப்யூட்டர் வரைந்த படத்தை வைத்து ரன் அவுட் கொடுக்க முடியாது. விபத்து வழக்கில் யார் மீது தவறு என்றும் சொல்ல முடியாது.

வீட்டுக் காட்சிக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். மெதுவாக்கிய படத்தில் தகப்பனாரின் சிரிப்பு விரியும் கணங்களில் பாதி கம்ப்யூட்டர் வரைந்தது. பார்த்து மகிழ அது போதும். ஆனால் புதியது வந்துவிட்டதே என்று பழைய காசெட்டைத் தூக்கி எறிந்துவிடக் கூடாது. அதன் பிரதியை மாற்றமில்லாமல் இரண்டு இடத்தில் பத்திரப்படுத்துங்கள். பேரன் பேத்திகளுக்கு அவர் உண்மையில் எப்படிச் சிரித்தார் என்று காட்ட அந்த நான்கு விநாடிதான் ஆதாரம்.