கறி சாப்பிடலாம், பரோட்டா கூடாது!

கோதுமை ஆகாத குழந்தைக்குக் கிடா விருந்தில் என்ன பரிமாறுவது?

ஆடி மாதம். கருப்பராயன் கோயிலில் கிடா வெட்டு. உறவுக்காரர்கள் எல்லாரும் வந்துவிட்டார்கள். பெரிய அண்டாவில் கறிக்குழம்பு கொதிக்கிறது. வாழை இலை போட்டாயிற்று.

ஒரு பையன் மட்டும் பந்தியில் உட்காராமல் ஓரமாக நிற்கிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவனுக்கு வயது 6. கோதுமை அவன் உடம்புக்கு ஆகாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

"ஏஞ்சாமி, நீ உக்காரலையா?" என்று கேட்கிறாள் அப்பத்தா.

"அம்மா வேண்டாம்னு சொல்லிட்டாங்க, அப்பத்தா!"

அம்மாவுக்குப் பயம். எதைத் தின்றால் பையனுக்கு வயிறு கெடுமோ என்ற பயம். எதுவும் கொடுக்காமல் இருந்தால் வம்பு இல்லை என்று நினைக்கிறாள்.

அந்தப் பையன் கறி சாப்பிடலாமா, கூடாதா? சாப்பிடலாம்! தாராளமாகச் சாப்பிடலாம். ஆனால், கறிக்குப் பக்கத்தில் எது இருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

அது என்ன வியாதி?

பரோட்டா போடுகிறவரைப் பார்த்திருப்பீர்கள். மைதா மாவை வீசி வீசித் துணி போல மெல்லிசாக்குகிறார். மாவு நீண்டுகொண்டே போகிறது. அரிசி மாவை அப்படி வீச முடியுமா? முடியாது. உடைந்துவிடும்.

கோதுமையில் பசை போன்ற ஒரு புரதம் இருக்கிறது. அதற்குக் குளூட்டன் என்று பெயர். மாவு நீளுவது அதனால்தான். மைதா, உப்புமா ரவை, கோதுமைச் சேமியா, ரொட்டி, பிஸ்கட் எல்லாவற்றிலும் அது உண்டு. பார்லியிலும் இதே வகைப் புரதம் இருக்கிறது.

பெரும்பாலோருக்கு இதனால் ஒரு கெடுதலும் இல்லை. சிலருக்கு மட்டும் வேறு விதம். குளூட்டன் உள்ளே போனதும், அவர்களுடைய உடம்பு தன் சிறுகுடலையே தாக்கத் தொடங்குகிறது. சத்தை உறிஞ்சுகிற மெல்லிய முளைகள் குடலின் உள்ளே இருக்கின்றன. அவை தேய்ந்து போகின்றன. பிறகு எவ்வளவு சாப்பிட்டாலும் உடம்பில் ஒட்டாது. வயிறு உப்பும். பேதியாகும். இரத்தம் குறையும். குழந்தை வளராது.

இந்த வியாதிக்குச் சீலியாக் நோய் என்று பெயர். இது தொற்று நோய் அல்ல. இதற்கு வைத்தியம், குளூட்டனை ஆயுள் முழுவதும் விலக்குவதுதான். விலக்கினால் குடல் மெல்ல மெல்ல ஆறும். குழந்தை தேறிவிடும்.

பஞ்சம் காட்டிய வழி

கோதுமைதான் காரணம் என்று கண்டுபிடித்தவர் டாக்டர் வில்லெம் டிக்கே. ஹாலந்து நாட்டுக் குழந்தை மருத்துவர். ரொட்டியின் மீது அவருக்கு முன்பே சந்தேகம் இருந்தது.

இரண்டாம் உலகப் போரின் கடைசியில், 1944–45 குளிர்காலத்தில், ஹாலந்தில் கொடிய பஞ்சம் வந்தது. ரொட்டி கிடைக்கவில்லை. ஊரே பட்டினியால் வாடியது. ஆனால், இந்த வியாதி உள்ள குழந்தைகள் மட்டும் தேறினார்கள்! மறுபடி ரொட்டி வந்தது. அவர்களுக்கு வியாதியும் திரும்பி வந்தது!

டிக்கே ஆராய்ந்தார். கோதுமையை நிறுத்தினால் குழந்தை தேறுகிறது, அரிசி கெடுதல் செய்வதில்லை என்று 1950-ல் எழுதி வெளியிட்டார்.

நம் பக்கம் குறைவு, ஆனால் உண்டு

இந்தியாவின் வடக்கு, வடகிழக்கு, தெற்குப் பகுதிகளில் 23,331 பேரைச் சோதித்த ஆராய்ச்சி ஒன்று 2016-ல் வெளிவந்தது. தெற்கே சோதனை நடந்தது நம் வேலூரில். இந்த வியாதியின் அடையாளம் வடக்கே 1,000 பேரில் 12 பேருடைய இரத்தத்தில் இருந்தது. தெற்கே 1,000 பேரில் ஒருவருக்குத்தான் இருந்தது.

வியாதிக்கு இடம் தருகிற பரம்பரைக் கூறு இரு பக்கமும் ஏறக்குறைய ஒரே அளவுதான். வித்தியாசம் தட்டில் இருந்தது! வடக்கே ஒருவர் நாள் ஒன்றுக்குச் சராசரி 455 கிராம் கோதுமை சாப்பிட்டார். தெற்கே 25 கிராம்தான்.

ஆடு தவிடு தின்றால்?

காங்கயம், தாராபுரம் பக்கத்தில் கொரங்காடுகள் உண்டு. கிளுவை வேலி போட்ட மேய்ச்சல் நிலம். அங்கே கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேலங்காயும் தின்று ஆடுகள் வளர்கின்றன. மேச்சேரி ஆடு, குறும்பை ஆடு, வெள்ளாடு எதுவானாலும் சரி, கறியில் குளூட்டன் கிடையாது.

"ஆட்டுக்குக் கோதுமைத் தவிடு வைக்கிறோமே, அது கறியில் இறங்காதா?" என்று சிலர் கேட்கலாம். இறங்காது. ஆட்டின் வயிற்றிலேயே அது செரித்துப் போய்விடும்.

இன்னொரு நன்மையும் உண்டு. இந்த வியாதிக்காரர்களுக்குப் பெரும்பாலும் இரும்புச் சத்துக் குறைவு. ஆட்டுக்கறியில் உள்ள இரும்புச் சத்து உடம்பில் எளிதாகச் சேரும். ஆனால், குடல் ஆறுகிற வரையில் கொழுப்பு சரியாகச் செரிக்காமல் போகலாம். தொடக்கத்தில் கொழுப்பில்லாத கறியாகக் கொடுங்கள்.

இலையில் எதை வைப்பது?

நம் தாத்தா, பாட்டி கறிக்குழம்பை எதோடு சாப்பிட்டார்கள்? கம்பஞ்சோறு, சோளச்சோறு, ராகிக் களி. விருந்தாளி வந்தால் சந்தகை. இவை ஒன்றிலும் குளூட்டன் இல்லை! நெல்லுச்சோறு, இட்லி, தோசையிலும் இல்லை. ராகியில் எலும்புக்கு வேண்டிய சுண்ணாம்புச் சத்தும் நிறைய உண்டு. வளராமல் நின்ற குழந்தைக்கு இதை விட வேறு என்ன வேண்டும்?

ஒளிந்திருக்கும் கோதுமை

கண்ணுக்குத் தெரிகிற பரோட்டாவைத் தள்ளிவிடலாம். கண்ணுக்குத் தெரியாத கோதுமைதான் ஆளைக் கவிழ்க்கும். நான்கு இடங்களில் கவனம் வேண்டும்.

ஒன்று, பெருங்காயம். கடையில் விற்கிற கூட்டுப் பெருங்காயத்தில் கோதுமை மாவு கலப்பது வழக்கம். கறிக்குழம்பு நல்லதாக இருந்து, அதன் பின் ஊற்றுகிற ரசம் கெடுத்துவிடலாம்! டப்பாவில் எழுதியிருப்பதைப் படித்துப் பாருங்கள்.

இரண்டு, மாவு மில். முன்னால் வந்தவர் கோதுமை அரைத்த எந்திரத்திலேயே நம் ராகியையும் அரைத்தால், கோதுமை அதில் கலந்துவிடும். வீட்டுத் திருகையிலோ மிக்சியிலோ அரைப்பது நல்லது. மிளகாய்த்தூள், மல்லித்தூளுக்கும் இதே விதிதான்.

மூன்று, ஓட்டல். குழம்பு கெட்டியாக மைதா கரைத்து ஊற்றுகிறவர்கள் உண்டு. பரோட்டா போட்ட கல்லிலேயே கறி வறுப்பதும் உண்டு. கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

நான்கு, கரண்டி. பரோட்டாவைத் தொட்ட கையும் கரண்டியும் குழம்புக்குள் போகக் கூடாது. குழந்தைக்கு முதலில் தனியாக எடுத்து வைத்துவிடுங்கள்.

பாக்கெட்டில் குளூட்டன் இல்லாதது என்று அச்சடிக்க வேண்டுமானால், ஒரு கிலோவில் 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருக்கக் கூடாது. இது நம் நாட்டு உணவுச் சட்டம். 20 மில்லிகிராம் என்பது ஒரு சிட்டிகையை விடக் குறைவு! "துளிதானே" என்று விட்டுவிடக் கூடாது என்பது இதிலிருந்தே தெரியும்.

நீங்களாக நிறுத்தாதீர்கள்

இதைப் படித்துவிட்டு, வயிறு உப்பியவர்கள் எல்லாரும் கோதுமையை நிறுத்த வேண்டாம். முதலில் டாக்டரைப் பாருங்கள். இரத்தச் சோதனை உண்டு. தேவைப்பட்டால் குழாய் விட்டுக் குடலையும் பார்ப்பார்கள். சோதனைக்கு முன்பே கோதுமையை நிறுத்திவிட்டால் வியாதி பிடிபடாமல் போகலாம்.

இப்போது கோயிலுக்கு வருவோம். அண்டாவில் கரண்டி விழுமுன்னே ஒரு கிண்ணம் குழம்பைத் தனியாக எடுத்து வைக்கிறாள் அம்மா. வீட்டுத் திருகையில் அரைத்த ராகியில் களி கிண்டியிருக்கிறாள் அப்பத்தா. களியை உருட்டி, நடுவில் குழி செய்து, குழம்பை ஊற்றுகிறாள்.

"தின்னு கண்ணு, உனக்கு ஒண்ணும் ஆகாது!"

பையன் பந்தியில் உட்கார்ந்துவிட்டான்.