மஞ்சள் விளக்கின் மூன்று வினாடி

சிக்னலில் மஞ்சள் விளக்கு எவ்வளவு நேரம் எரிய வேண்டும் என்று கணக்குப் போட்டவர்களில் ஒருவர், பிரபஞ்சத்தின் வெப்பநிலைக்கும் கணக்குப் போட்டவர். ராபர்ட் ஹெர்மன். பெருவெடிப்பின் மிச்ச வெப்பம் வானெங்கும் சுமார் 5 கெல்வின் அளவில் இன்னும் பரவிக்கிடக்கும் என்று 1948இல் ரால்ஃப் ஆல்ஃபரும் அவரும் சொன்னார்கள். பிற்பாடு ஜெனரல் மோட்டார்ஸ் ஆய்வுக்கூடத்துக்குப் போன ஹெர்மன், 1960இல் காஸிஸ், மராடுடின் இருவரோடும் சேர்ந்து மஞ்சள் விளக்கின் கணிதத்தை வெளியிட்டார்.

அவர்கள் கேட்ட கேள்வி எளியது. மஞ்சள் விழும் நொடியில் கோட்டுக்கு முன்னால் நிற்க முடியுமா? முடியாவிட்டால், எதிர்ப்பக்கத்துக்குப் பச்சை விழுவதற்குள் கடந்துவிட முடியுமா? இரண்டும் முடியாத ஓர் இடம் சாலையில் உண்டு என்று அவர்கள் காட்டினார்கள்.

அந்தக் கணக்கு காருக்கானது. அதையே மறைமலை நகரில் ஜி.எஸ்.டி. சாலையைக் கடக்கும் சைக்கிளுக்குப் போட்டுப் பாருங்கள். எட்டு வழி அகலம் என்றால், வழிக்கு 3.5 மீட்டராக 28 மீட்டர். நடுத்திட்டையும் சேர்த்தால் 30. மணிக்கு 15 கிலோமீட்டரில் மிதித்தால் வினாடிக்கு 4 மீட்டர் சொச்சம். மஞ்சள் எரிவது பெரும்பாலும் 3 வினாடி. அதற்குள் சைக்கிள் 12.5 மீட்டர்தான் போயிருக்கும், நடுத்திட்டைக்கூடத் தொட்டிருக்காது. முழுதும் கடக்க 7 வினாடி வேண்டும். நின்ற இடத்திலிருந்து கிளம்பினால் 10 வினாடிக்கு மேல். அந்த 10 வினாடியில், 60 கிலோமீட்டர் வேகத்தில் வரும் லாரி 160 மீட்டருக்கு மேல் வந்துவிடும்.

ஆனால் அதே சைக்கிள், பிரேக் நன்றாக இருந்தால், 9 மீட்டருக்குள் நின்றுவிடும். காருக்கு இந்த வசதி இல்லை. ஆகவே மஞ்சளைக் கண்டால் சைக்கிள்காரர் நிற்பதுதான் சரி. வெகுநேரமாக எரிந்துகொண்டிருக்கும் பச்சையையும் நம்பி நுழையக் கூடாது.

வலப்பக்கம் திரும்புவது இதைவிடக் கடினம். வேகமாக வரும் வண்டிகளுக்குக் குறுக்கே நடுச்சாலைக்கு ஒதுங்க வேண்டியிருக்கிறது. டென்மார்க்கில் இதற்கு இணையான திருப்பத்தைச் சைக்கிள்கள் இரண்டு கட்டமாகத்தான் எடுக்க வேண்டும் என்பது சட்டம். நம் சாலைக்குச் சொன்னால், முதலில் இடது ஓரமாகவே நேரே கடந்து, எதிர் மூலையில் வண்டியைத் திருப்பி நின்று, அந்தப் பக்கத்துப் பச்சைக்குப் போவது. ஒரு சிக்னல் கூடுதலாகக் காத்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு அரசே விலையில்லா மிதிவண்டி தருகிறது. அதைக் கொடுக்கும் நாளிலேயே பள்ளி மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டு இந்தத் திருப்பத்தைப் பழக்கிவிடலாம். சிக்னலை அமைப்பவர்களும், பள்ளி விடும் நேரத்திலாவது, மஞ்சளுக்குப் பிறகு நாலு பக்கமும் சிவப்பாக இருக்கும் இடைவெளியை நாலைந்து வினாடி நீட்டித் தர வேண்டும்.